புண்ணியமூர்த்தியின் ஐந்து நிமிடம்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதித் தமிழரை ஊர் வாரியாகவும் கோயில் வாரியாகவும் பழைய மாணவர் சங்கம் வாரியாகவும் பிரித்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிரிவுகள் அத்தனைக்குள்ளும் புகுந்து, எந்த ஊரை எடுத்தாலும் எந்தச் சங்கத்தை எடுத்தாலும் அதில் நாலு பேராவது இருக்கும்படி பரவியிருக்கிற ஓர் இனத்தை மட்டும் இதுவரை யாரும் கணக்கெடுத்ததில்லை. அந்த இனத்துக்கு ஐந்து நிமிட வேலைக்காரர் என்று பெயர்.

இவரைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகுகிறது, கதவு இறுகுகிறது, சலவை மெஷின் நடு அறைக்கு நடந்து வருகிறது. அந்த நேரம் பார்த்து, கலியாணக் கார்டு கொடுக்க வந்தவராகவோ, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று வந்தவராகவோ ஒருவர் வந்து கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணியில் பாதி குடித்து, பழுதைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, தலையை ஒரு பக்கம் சரித்து, நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் வந்துவிட்டதா? முடிந்தது. அடுத்து வரும் வசனத்தை நீங்களே அவருக்கு எடுத்துக் கொடுக்கலாம்.

"இதுக்கேன் ஆளைக் கூப்பிடுவான்? அஞ்சு நிமிச வேலை."

அவருடைய ஐந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்தின் ஐந்து நிமிடம் அல்ல. குழாய்க்கு ஒரு சனிக்கிழமை, கதவுக்கு ஒரு சனியும் ஞாயிறும், சலவை மெஷினுக்கு ஒரு கோடை விடுமுறை என்று அது வேலைக்கு ஏற்றபடி விரியும். இடையில் அவர் 'ஆயுதம் எடுத்துக்கொண்டு வாறன்' என்று வீட்டுக்குப் போய், ஒரு பழைய பிஸ்கட் பேணியோடு திரும்புவார். அதற்குள் உலகத்தில் உள்ள எல்லா ஆணிகளும் இருக்கும், தேவையான ஆணியைத் தவிர. வேலை முடிந்தபிறகு இரண்டு ஆணிகள் மிஞ்சும். அது ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால், கம்பனிக்காரன் கூடப் போட்டிருக்கிறான் என்பார்.

சரி, திட்டலாமே என்றால் அதற்கும் வழியில்லை. காசு வாங்குகிறவனைத் திட்டலாம். தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போகிறவரை என்ன சொல்லித் திட்டுவது? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அவரையே கலியாணம் முடித்துவிட்டால் என்ன செய்வது? ரதிதேவி முடித்திருந்தாள்.

ரதிதேவியின் கணவர் புண்ணியமூர்த்தி, பஸ்தீய் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடமாகச் சமையற்காரர். வெங்காயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவாக வெட்டுவார், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் தட்டுப் போடுவார், கடை முதலாளி அவர் லீவு எடுத்தால் காய்ச்சலில் விழுந்தவர் மாதிரி ஆகிவிடுவார். ஆனால் தான் ஒரு நல்ல சமையற்காரர் என்று அவர் ஒரு நாளும் எங்கும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு முட்டை பொரித்ததும் இல்லை. வெளியில் அவருக்கு இருந்த பெயர் வேறு. கரண்ட் வேலை என்றால் புண்ணியண்ணை என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நாலு பேரில் மூன்று பேரை அவரே தயார் செய்து வைத்திருந்தார்.

இந்தக் கரண்ட் வேலையை அவர் எங்கே பழகினார் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாமலிருந்த காலத்தில் பழகினார். சண்டைக் காலம், ஊர் முழுக்க இருட்டு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து சிவப்பு வயர் ஒன்றும் கறுப்பு வயர் ஒன்றும் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்பார்கள். சுற்றியது தம்பி, வயரைப் பிடித்தது புண்ணியமூர்த்தி. சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல். கரண்ட் வந்த பிறகு ஊர் வீடுகளிலும் அதே சிவப்பு, அதே கறுப்பு. அந்தப் பாடத்தை அவர் முப்பது வருடமாக மறக்கவில்லை. மேற்கொண்டு ஒரு பாடமும் படிக்கவுமில்லை.

இனி, வீடு. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அந்த வீட்டின் பெரிய அறைக்கு முகட்டில் விளக்குக் கிடையாது. கதவோரம் ஒரு சுவிச் இருக்கும். அதை அமத்தினால், எதிர்ச் சுவரில் தரையோடு இருக்கிற ஒரு பிளக்கில் கரண்ட் வரும். அந்தப் பிளக்கில் ஒரு மேசை விளக்கைக் கொழுவி, மூலையில் கால் நீட்டிப் புத்தகம் வாசிக்கிற குடும்பம் குடிவரும் என்று கட்டியவன் நினைத்திருக்கிறான். வந்தது ரதிதேவி. அவள் அந்தப் பிளக்கில் கொழுவியது பெரிய பிறீசரை. குசினியில் அதை வைக்க இடமில்லை. யாராவது தெரியாமல் சுவிச்சை அமத்திப் பிறீசரை நிப்பாட்டிவிடக் கூடாதே என்று, சுவிச்சின் மேல் ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கரைக் குறுக்காக ஒட்டிவிட்டாள். பிள்ளையாரின் தொந்தியை அமத்த யாருக்குக் கை வரும்? எட்டு வருடம் அந்தச் சுவிச்சை ஒருவரும் தொடவில்லை.

இந்த டிசம்பரில் ரதிதேவிக்கு முகட்டில் விளக்கு வேண்டியதாயிற்று. காரணம், ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

அவள் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள். காலை ஐந்து மணிக்கு வேலை. பதினான்கு வருடமாக மெத்தை தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனால் அவள் சுற்றுகிற ரோல்ஸுக்கு லா சப்பலில் தனிப் பெயர் உண்டு. பிறந்தநாள் வீடுகளில் ஒன்றைக் கடித்தவர்கள் யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு குசினிக்கே வந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மரியரட்ணம். நத்தார் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைக்கு ஐந்நூறு ரோல்ஸ், பொரிக்காமல் உறைய வைத்துத் தர வேண்டும், சரிவந்தால் இனி ஒவ்வொரு கிழமையும் உங்களிடம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ரதிதேவி அன்றைக்கே ஹோட்டலுக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமையின் தேதி போட்டு, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மூன்று நாள் லீவு எடுத்தாள்.

வேலை செய்கிற மேசை அந்தப் பெரிய அறையில். ஜன்னல் உள்முற்றத்தைப் பார்க்கிறது, டிசம்பரில் மத்தியானமே இருட்டு. மூலையில் இருந்த நிற்கும் விளக்கைப் போட்டால் அவளுடைய நிழலே மாவின் மேல் விழுந்தது. ரொட்டி எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியாமல் சுற்றி, பொரிக்கும்போது வெடித்தால் பெயர் போய்விடும்.

"பொபினியில தவரத்தினம் அண்ணையின்ர மகள் இருக்கிறாள் எல்லே, சிவரஞ்சினி" என்றாள் அவள். "அவள் படிச்ச எலக்ரீசியன். கேட்டனான், புதன்கிழமை வாறாளாம்."

புண்ணியமூர்த்தி சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆர், அந்தப் பிள்ளையோ? தொட்டிலில கிடக்கேக்க நான் தூக்கினனான். அவள் வந்து எனக்கு வயர் காட்டுறதோ?"

"காட்ட வேண்டாம். பூட்டினாக் காணும்."

"இஞ்சேரும், யோசிச்சுப் பாரும். சுவிச் இருக்கு. கரண்ட் இருக்கு. பிளக்கில இருந்து ஒரு வயரை மேல இழுத்து முகட்டில விட்டா விளக்கு. அஞ்சு நிமிச வேலை."

"அப்ப லைற்றை நிப்பாட்டினாப் பிறீசரும் நிண்டிடாதோ?"

நல்ல கேள்வி. ஒரு எலக்ரீசியன் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து நிமிட வேலைக்காரருக்கு நல்ல கேள்வியைக் கண்டால் பிடிக்காது.

"அதுக்கெல்லாம் வழி வைச்சிருக்கிறன்" என்றார் புண்ணியமூர்த்தி. அந்த வழி என்னவென்று அப்போது அவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெயின் சுவிச் நிப்பாட்டப்பட்டது. உதவிக்குத் தவசீலன் வந்திருந்தான். அவனும் அதே இனம்தான், ஆனால் இன்னும் பயிற்சியில் இருப்பவன். ஏணியைப் பிடிப்பதும், கேட்ட ஆயுதத்துக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துக் கொடுப்பதும், ஒவ்வொரு அரை மணிக்கும் 'பிரெஞ்சுக்காரன் வயர் இழுத்திருக்கிற விதத்தைப் பார் அண்ணை' என்று சொல்வதும் அவனுடைய பொறுப்பு. இது இந்த இனத்தின் முக்கியமான சடங்கு. தனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவனைத் திட்டாமல் ஒரு திருகாணியையும் அவர்கள் கழற்றுவதில்லை.

சுவரில் துளை போட்டார்கள். முகட்டில் துளை போட்டார்கள். முதல் துளை தவறான இடத்தில் போனதால் இரண்டாவது துளை போட்டு, முதல் துளைக்குப் பற்பசை அடைத்தார்கள். வயரை மறைக்கிற பிளாஸ்ரிக் பட்டி ஒரு முழம் போதாமல், தவசீலன் கடைக்கு ஓடி வேறு நிறத்தில் ஒன்று வாங்கி வந்தான். மாவுச் சட்டிக்குள் சுண்ணாம்புத் தூள் விழுந்ததால் ரதிதேவி மாவைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைத்தாள். மூன்று தரம் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தாள். 'இன்னும் அஞ்சு நிமிசம்' என்று அவர் சொல்வதை நாலு தரம் கேட்டாள். மத்தியானம் இரண்டு மணியளவில் பிளக்கின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே இரண்டு வயர் இருக்கும் என்று எதிர்பார்த்த புண்ணியமூர்த்தியை நாலு வயர்கள் எட்டிப் பார்த்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சையும் மஞ்சளும்.

பச்சை மஞ்சள் நிலத்துக்குப் போகிறது, அது அவருக்குத் தெரியும். சிவப்பையும் கறுப்பையும் கண்டதும் ஊர்க்காரரைக் கண்ட மாதிரி மனம் குளிர்ந்தது. இந்த நீலம் யார்?

"அண்ணை, பிளக்கில சிவப்பும் நீலமும் எல்லோ பூட்டிக் கிடக்கு" என்றான் தவசீலன். "கறுப்பு சும்மா அந்தப் பக்கம் போகுது."

அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வசனம் அதுதான். அதைத் தவசீலனே கவனிக்கவில்லை.

"அது முந்திச் செய்தவன் விட்ட பிழை" என்றார் புண்ணியமூர்த்தி. "ஓடுற பிறீசரைக் கிண்டக் கூடாது, அது அப்பிடியே இருக்கட்டும். நாங்கள் லைற்றுக்கு முறைப்படி சிவப்பும் கறுப்பும் எடுப்பம்."

முறைப்படி எடுத்தார். நாலு மணிக்கு மெயின் சுவிச்சைப் போட்டார்கள். சுவிச்சை மறைத்துக்கொண்டிருந்த பிள்ளையாரை ரதிதேவி நகத்தால் மெல்ல உரித்தெடுத்து, கண்ணில் ஒற்றி, பிறீசரின் முன்பக்கத்தில், கைக்கு எட்டின உயரத்தில் ஒட்டினாள். அங்கே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பிறீசர் ஓடுகிறது என்று காட்டுவதற்காக. பிள்ளையார் சரியாக அதன் மேல் அமர்ந்தார்.

முகட்டு விளக்கு எரியவில்லை.

புண்ணியமூர்த்தி விளக்கைப் பார்த்தார். தவசீலனைப் பார்த்தார். தவசீலன் ஏணியைப் பார்த்தான். வேறொன்றும் தோன்றாமல் புண்ணியமூர்த்தி சுவிச்சை ஒரு தரம் அமத்தினார், அதாவது நிப்பாட்டினார். அறை முழுக்க வெளிச்சம் கொட்டியது. மறுபடி அமத்தினார், இருட்டு. இப்படி ஏழெட்டுத் தரம் செய்து பார்த்ததில் ஒரு விஷயம் உறுதியானது. சுவிச்சைப் போட்டால் விளக்கு அணைகிறது. நிப்பாட்டினால் எரிகிறது.

நீங்களோ நானோ என்றால் இந்த இடத்தில் ஒரு அடி பின்வாங்கியிருப்போம். 'எங்கேயோ பிழைச்சிட்டுது' என்று சொல்லியிருப்போம். அந்த இரண்டு சொற்களும் இந்த இனத்தின் அகராதியில் கிடையாது.

"இது ரிவேர்ஸ் முறை" என்றார் அவர். "ஜேர்மனியில புது வீடுகளெல்லாம் இப்பிடித்தான். நீர் கேட்டீர் எல்லே, லைற்றை நிப்பாட்டினாப் பிறீசர் நிண்டிடுமோ எண்டு? இப்ப பாரும், லைற் நிண்டாலும் பிறீசர் ஓடுது. அதுக்குத்தான் இந்த வேலை."

அது உண்மைதான். விளக்கு அணைந்திருக்கும்போது பிறீசர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. விளக்கு எரியும்போதுதான் சத்தத்தைக் காணவில்லை.

"சத்தம் நிண்டு போச்சு அண்ணை" என்றான் தவசீலன்.

"லோட் பிரிஞ்சிட்டுது. இனி அது சத்தம் போடாது" என்றார் புண்ணியமூர்த்தி. பிறகு, வேலையின் அழகு அவருக்கே தலைக்கேறியதில், யாரும் கேளாத ஒரு புத்திமதியையும் சேர்த்துச் சொன்னார். "ஒண்டு மட்டும். முதல் மூண்டு நாளும் லைற்றை நிப்பாட்டக் கூடாது. இரவு பகல் எரியவேணும். அப்பத்தான் வயர் பழகும்."

வயர் பழகுமா? வயர் என்ன, புதிதாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா? ஆனால் கேட்டுக்கொண்டிருந்த இருவரும் தலையாட்டினார்கள். இந்த இனத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. இவர்கள் சந்தேகமாகச் சொல்கிற ஒன்றைக்கூட நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

திங்கட்கிழமை ரதிதேவி அந்த வெளிச்சத்தின் கீழ் நின்று மாவை விரித்தாள். நிழல் இல்லை. ரொட்டியில் ஒரு ஊசிமுனைத் துளை இருந்தாலும் தெரிந்தது. ஏற்கெனவே முந்தின கிழமைகளில் செய்து உறைய வைத்த இருநூறோடு இதையும் சேர்த்தால் புதன்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. அன்று மாலை புண்ணியமூர்த்தி வேலையால் வந்தபோது, "நல்ல வெளிச்சமப்பா" என்று சொன்னாள். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கலியாணம் முடித்த இருபத்தாறு வருடத்தில் தான் செய்த ஒன்றை அவள் முதன்முறையாக நல்லது என்று சொன்னது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தட்டை வைக்கப் பிறீசரைத் திறந்தவள், மேலே இருந்த ரோல்ஸை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தாள். நேற்று வைத்தது இன்னும் இறுகவில்லை, கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்றாள்.

"அடிக்கடி திறந்தா அப்பிடித்தான் இருக்கும். இதை வைச்சிட்டு மூடும். நாளைக்கு மத்தியானம் மட்டும் திறக்காதையும்" என்றார் அவர், கடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே. அவள் திறக்கவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு அவருடைய போன் அடித்தது. "வீட்டை வாங்கோ" என்றாள் ரதிதேவி. அவ்வளவுதான். ஐந்தாம் இலக்க மெத்ரோவில் கார் து நோர் வரும்வரைக்கும் புண்ணியமூர்த்தி காரணங்களைத் தயார் செய்தார். பிறீசர் பழசு என்பது ஒன்று. மாவில் தண்ணீர் கூடிப்போயிருக்கும் என்பது இரண்டு. எவ்வளவு சொல்லியும் இவள் திறந்திருப்பாள் என்பது மூன்று. படியேறும்போது மூன்றாவதுதான் உறுதியானது என்று முடிவு கட்டினார்.

கதவைத் திறந்ததும் ஆட்டிறைச்சி புளித்த வாசம் வந்தது. பிறீசரின் மூடி திறந்து கிடந்தது. அடியில் தண்ணீர், தண்ணீரில் ஊறின மட்டை, மட்டையில் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்த ரோல்ஸ், கிழமைக்கணக்கான வேலை. கையில் மா காயாமல் ரதிதேவி கதிரையில் இருந்தாள். அவளுக்கு மேலே முகட்டு விளக்கு மிக அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"நீங்கள் சொன்னபடி நான் திறக்கேல்லை" என்றாள்.

மூன்று காரணங்களும் வந்த வழியே திரும்பிப் போயின. மூலையில் ஏணியோரம் தவசீலன் நின்றான், அவனையும் அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள் போல. பிளக்கின் முன்னால் வேலைச் சப்பாத்தோடு ஒரு பெண் குந்தியிருந்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிவரஞ்சினி, சொன்னபடி புதன்கிழமை வந்திருந்தாள்.

உள்ளே பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. அளக்கிற கருவியின் இரண்டு முனைகளையும் அங்கேயும் இங்கேயும் வைத்துப் பார்த்தாள். "கி ஆ ஃபே சா?" என்று பிரெஞ்சில் கேட்டாள், யார் இதைச் செய்தது என்று. தவசீலனுக்குத் திடீரென்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர வேண்டிய நினைவு வந்துவிட்டது.

"நான்தான்" என்றார் புண்ணியமூர்த்தி.

"மாமா, இந்தக் கறுப்பில எப்பவும் கரண்ட் நிக்கும். இஞ்சை நியூட்ரல் நீலம். ரெண்டு பக்கமும் கரண்டைக் குடுத்தா லைற் என்னெண்டு எரியும்? சுவிச்சை நிப்பாட்டினாத்தான் எரிஞ்சிருக்கும்."

"ஓம்."

"ஏனெண்டா, நிப்பாட்டின பிறகு லைற்றுக்கால வாற கரண்ட் பிறீசருக்குள்ளால போய்த்தான் வெளியில போகுது. ரெண்டு பேருக்கும் ஒரு கோப்பைத் தண்ணி. லைற் குடிச்சு முடிச்சிடும், பிறீசருக்கு ஒண்டும் மிஞ்சாது." அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். "பச்சை லைற் நிண்டிருக்குமே, ஒருத்தரும் காணேல்லையோ?"

ரதிதேவி பிள்ளையாரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் நிப்பாட்டாமல் எரிஞ்சது?"

"மூண்டு நாள்" என்றாள் ரதிதேவி. "வயர் பழக."

சிவரஞ்சினி மெயின் சுவிச்சை நிப்பாட்டினாள். விளக்குக்குப் போன வயரைக் கறுப்பிலிருந்து கழற்றி நீலத்தில் பூட்டினாள். பிளக்குக்குப் போன சிவப்பைக் கழற்றிக் கறுப்பைப் பூட்டினாள். மூடியைப் போட்டாள். மெயினைப் போட்டாள். சுவிச்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, நிப்பாட்டினால் அணைந்தது, பிறீசர் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் உறுமியது. புண்ணியமூர்த்தி தன்னையறியாமல் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிடம்.

நான் அப்பவே சொன்னேனே என்ற வசனம் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. ரதிதேவி தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் அதை விழுங்கினார். விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியேல்லை" என்றார். அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்குப் போன் பண்ணி இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு அன்று மாலையே அவர் மேசைக்கு முன் வந்து நின்றார். சட்டைக் கையை மடித்தார். மாவைப் பிசைந்தார், விரித்தார், கறியை ஒரே அளவாக அள்ளி வைத்தார், மடித்துச் சுற்றினார். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நீளம். ரதிதேவி தன் கை வேலையை நிறுத்திவிட்டு அவருடைய கையையே பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் இதை எங்கை வைச்சிருந்தனியள்?"

"இது வேலையடியப்பா" என்றார் அவர். தெரிந்த வேலையில் பிழை விட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரியாத வேலையில் அந்தப் பயம் இல்லை என்பதை அவர் அவளுக்கு விளக்கவில்லை. தனக்கும் விளக்கிக்கொள்ளவில்லை.

எவ்வளவு சுற்றியும் சனிக்கிழமை காலையில் முந்நூறுக்கு மேல் போகவில்லை. மரியரட்ணம் குறைந்ததை வேறு ஒரு பொபினிக்காரியிடம் சொல்லி எடுத்திருந்தார். அவருக்கும் மனம் வருத்தம்தான். "அக்கா, உங்கட ரோல்ஸுக்கு ஒரு குறையுமில்லை. ஆனா இந்த முறை அந்த மனிசிக்குச் சொல்லிப்போட்டன். கொஞ்ச நாள் போகட்டும், பாப்பம்" என்றார். கடையின் முகட்டில் ஒரு டியூப் லைற் பட்டுப் பட்டென்று வெட்டிக்கொண்டிருந்தது. புண்ணியமூர்த்தியின் தலை ஒரு பக்கம் சரிந்தது. கைகள் இரண்டும் மெதுவாக இடுப்பை நோக்கிப் போயின. ரதிதேவி வெறும் தட்டுகள் இரண்டை எடுத்து அந்தக் கைகளில் வைத்தாள்.

திங்கட்கிழமை விடியப்புறம் நாலரைக்கு அவள் எழும்பி ஹோட்டலுக்கு வெளிக்கிட்டாள். முகட்டு விளக்கைப் போட்டு, கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த கடிதத்தை எடுத்தாள். அன்றைக்குத்தான் அதன் தேதி. அவள் அதைக் கிழிக்கவில்லை. தேதியை மட்டும் பேனையால் வெட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்தாள். புண்ணியமூர்த்தி படுக்கையிலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தது அவருக்குத் தாங்கவில்லை. எழும்பி உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் வாசல் வரைக்கும் கூட நடந்தார். பிறீசரில் பிள்ளையார் இப்போது இரண்டு விரல் தள்ளி இருக்கிறார். பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது.

கதை இவ்வளவுதான். இனி உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பிளக்கைத் திறந்த இடத்தில், 'கரண்ட் பார்க்கிற ஒரு ரெஸ்ரரை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்குமே' என்று உங்கள் மனம் சொன்னதா? முகட்டுத் துளைக்குப் பற்பசை அடைத்த இடத்தில், அதற்கு வேறொரு நல்ல சாமான் இருக்கிறது என்று தோன்றியதா? சிவரஞ்சினி வயரை மாற்றிப் பூட்டியபோது, இதில் என்ன இருக்கிறது, இதை நானே செய்திருப்பேனே என்று ஒரு 'ச்சு' வந்ததா? வந்திருந்தால், இதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். உங்கள் கைகள் இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன?